தானாகவே முன்வந்து

தொப்பியை மறுபடியும் கழற்றிவிட்டார் இஸ்ரவேல். கை தன்பாட்டுக்குப் போய்விடுகிறது, அதை என்ன செய்ய. மேடையில் ஒருவர் கண்ணை மூடிக் குரலைத் தாழ்த்தினால் போதும், ஜெபம் ஆரம்பித்துவிட்டது என்று உடம்பு முடிவு பண்ணிவிடுகிறது. அறுபது வருஷமாய்த் தலையைத் திறந்து வைத்து ஜெபித்த உடம்பு. இவர்களோ ஜெபத்துக்குத் தலையை மூடுகிறவர்கள். வாசலிலேயே ஒரு கூடை நிறையக் குட்டித் தொப்பிகளை வைத்து ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நீல வெல்வெட்டு, உள்ளங்கை அகலம். மற்றவர்கள் தலையிலெல்லாம் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது, இவர் தலையில் மட்டும் வழுக்குகிறது. ஆள் யார் என்று அதற்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. "அண்ணா, தொப்பி," என்று பக்கத்து நாற்காலி அம்மாள் மெதுவாகச் சொன்னாள், இது எத்தனையாவது தடவையோ. தமிழில்தான் சொன்னாள். தாணேயில், மராத்தி பேசுகிற யூதர்கள் நிறைந்த இந்த மண்டபத்தில், தன் பக்கத்தில் உட்கார ஒரு தமிழ் பேசுகிற அம்மாள் வந்து வாய்க்க வேண்டுமா. பாஷை தெரியாத இடம், சும்மா தலையாட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்துத்தானே ரயில் ஏறினார். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். மேடைக்கு மேலே பெரிய துணியில் ஹிந்தியில் எழுதியிருந்தது, இந்தியப் பட்டாளத்தில் வீரப் பதக்கம் பெற்ற நம் யூத சகோதரர்களுக்கு மரியாதை. நம். அந்த எழுத்தைத் தாண்டிக் கண் போகமாட்டேன் என்கிறது. கோட்டின் இடது பக்கம் தொங்குகிற பதக்கத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பதக்கம் நிஜம். பேர் நிஜம். ஊர் நிஜம். மற்றதெல்லாம்தான், ஏலே இஸ்ரவேல், மற்றதெல்லாம்தான்.

பொய் என்று ஒன்று அவர் சொல்லவே இல்லை. அதை நூறு தடவை தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாகிவிட்டது, ரயிலில், ரயிலுக்கு முன்னே வீட்டில், இப்போது இந்த பிளாஸ்டிக் நாற்காலியில். போன் பண்ணினது அந்தச் செயலாளர், இதோ மேடை ஓரத்தில் காகிதம் அடுக்குகிறாரே, ஹஸ்கேல் என்று பேர், தங்கமான மனுஷன். ஹிந்தியில் கேட்டார். இஸ்ராயேல் சாமுவேல்தானே, சேனா மெடல் வாங்கினது? ஆமாம். பிறந்த ஊர் நாசரேத்தா? ஆமாம், திருச்செந்தூர்ப் பக்கம். அந்தப் பக்கத்தைச் சொன்னது அவர் காதில் விழவில்லையோ, விழுந்தும் சந்தோஷத்தில் தப்பிவிட்டதோ. ஓய்வுநாள் அனுசரிக்கிறீர்களா? ஆமாம், வெள்ளி சாயங்காலம் சூரியன் விழுந்ததிலிருந்து. பன்றி? தொடமாட்டோம். இறால், நண்டு? அதுவும் கிடையாது. ஏழாம்நாள் சபையில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவனை வேறெப்படிச் சொல்லச் சொல்கிறீர்கள்? கேட்டதற்கெல்லாம் உள்ளதைத்தான் சொன்னார். நீ யூதனா என்று மட்டும் அந்த மனுஷன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பார், சத்தியமாகச் சொல்லியிருப்பார். சொல்லியிருப்பாரா? இதுதான் சிக்குகிறது. ஏனென்றால் நாலாவது கேள்வியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் இறாலுக்கும் நண்டுக்கும் பதில் சொன்னார், அதுவும் கொஞ்சம் சத்தமாக. அப்புறம் அந்த மனுஷன் சொன்ன வார்த்தை இருக்கிறதே. தென்கோடியில் நம்ம ஆள் ஒருவர் பதக்கத்தை வைத்துக்கொண்டு சத்தம் காட்டாமல் இருந்திருக்கிறாரே, நமக்கெல்லாம் எவ்வளவு பெருமை, ஐயா, நீங்கள் எங்கள் பெருமை. போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். மனைவி கிருபாவதி மீன் அலசிக்கொண்டிருந்தாள். "யாரு போன்ல?" என்றாள். சொன்னார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார், அதிலொன்றும் குறையில்லை. அவள் அலசுவதை நிறுத்தவே இல்லை. "உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத சோலி? திருப்பிப் போன் போட்டு, ஐயா நாங்க வேற ஆளுன்னு சொல்லிருங்க. வெக்கக்கேடு," என்றாள். சொல்கிறேன் என்றார். நாளைக்கு, நாளைக்கு என்று ரயில் டிக்கெட் தபாலில் வந்து நின்றது. அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள். ஆனால் கோட்டை மட்டும் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள், பதக்கம் குத்துகிற இடத்தில் துணி நைந்திருக்கிறது என்று உள்பக்கம் ஒரு ஒட்டுப் போட்டாள். அந்த ஒட்டு இப்போது நெஞ்சில் உரசுகிறது.

வெக்கக்கேடுதான். ஆனால் கிருபாவதி, உனக்குத் தெரியும், நீயும் அன்றைக்குக் கோவிலில்தான் இருந்தாய். பதக்கத்தோடு முதல் லீவில் வந்த அந்த ஓய்வுநாள். கல்யாணமாகி நாலைந்து மாசம். யூனிபாரத்தோடு போகலாமா வேண்டாமா என்று விடிய விடிய யோசித்து, கடைசியில் வெள்ளைச் சட்டையில் பதக்கத்தைக் குத்திக்கொண்டு போனது. ஆராதனை முடிந்தது. ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. கண் மட்டும் பதக்கத்துக்கு வந்து வந்து போயிற்று. போதகர் வாசலில் கை கொடுத்தார், கையை விடாமலேயே கேட்டார், "அது எந்தக் கிழமை நடந்தது தம்பி?" அவ்வளவுதான் கேட்டார். சனிக்கிழமை என்றார் இவர். போதகர் தலையை ஆட்டிக்கொண்டு கையை விட்டார். அடிபட்டவனைத் தூக்குவதில் தோஷமில்லை, உயிரைக் காப்பாற்றுவது ஓய்வுநாளிலும் நல்லதுதான் என்று அவருக்கும் தெரியும், பதில் சொன்ன இவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் தலையாட்டல். சண்டைக்குப் போகிற சபையில்லை நம்முடையது, துப்பாக்கி தூக்கமாட்டேன், மருந்துப் பைதான் தூக்குவேன் என்று அப்பா சாமுவேலிடம் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் பட்டாளத்தில் நர்சிங் அசிஸ்டென்டாகச் சேர்ந்தது. அப்பா அதற்கும் சிரித்தமுகம் காட்டவில்லை. சின்ன வயசில் ஏதாவது சேட்டை பண்ணினால் அவர் அடிப்பதில்லை, நிற்க வைத்து, வேதம் வாசிக்கிற குரலில், இஸ்ரவேலே, கேள், என்பார். அவ்வளவுதான். அதற்கப்புறம் என்ன சொன்னாலும் அது அடியைவிட மோசமாக இருக்கும். கோவிலில் அந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் பயல் தலையைக் குனிந்துகொள்வான், கடவுள் தன்னைத்தான் பேர் சொல்லித் திட்டுகிறார் என்று. பிற்பாடுதான் தெரிந்தது அது ஒரு ஜனத்துக்கே சொன்னது என்று. அந்த ஜனம் இதோ சுற்றி உட்கார்ந்திருக்கிறது, கோடு போட்ட சட்டையும் சேலையுமாக, சமோசாவும் டீயும் எப்போது வரும் என்று பின்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. பதக்கத்தை அன்றைக்கே கழற்றி டிரங்குப் பெட்டியில் போட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினது இந்த ஹஸ்கேல்தான். நம்ம ஆள் என்று சொன்னதும் இந்த ஹஸ்கேல்தான். பசித்தவன் அடுத்த வீட்டு இலையென்றாலும் உட்காரமாட்டானா? உட்காருவான். சாப்பிட்டுக்கொண்டே கூசவும் கூசுவான்.

"உங்க ஊர்ல நம்ம ஆளுங்க எத்தினி குடும்பம் இருக்கு?" என்றாள் பக்கத்து அம்மாள். ஹன்னாபாய் என்று வந்து உட்கார்ந்ததுமே சொல்லியிருந்தாள், எழுபது வயசுக்கு மேலிருக்கும், வெள்ளைச் சேலை, புருஷனுடைய பதக்கத்தை வலது பக்கம் குத்தியிருந்தாள். ஆவடிப் பட்டாளக் குடியிருப்பில் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்தாளாம், மீன்காரியோடு சண்டை போட்டே தமிழ் கற்றுக்கொண்டாளாம். "கொஞ்சம் பேர்தான் அக்கா," என்றார். இதுவும் உள்ளதுதான், ஏழாம்நாள் சபையார் கொஞ்சம் பேர்தான். "சனிக்கிழமை கடை திறக்காம இருந்தா ஊர்க்காரங்க பேசமாட்டாங்க?" "பேசுவாங்க. சனிக்கிழமைக்காரங்கன்னுதான் எங்களுக்குப் பேரு. பள்ளிக்கூடத்துல சனியன்னே கூப்பிடுவானுக." அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், தோள் குலுங்கியது. "எங்களுக்கும் அதே பேருதான் அண்ணா. கொங்கணத்துல நாங்க எண்ணெய் ஆட்டுறவங்க. சனிவார் தேலி, சனிக்கிழமை எண்ணெய்க்காரன். எங்க போனாலும் நம்ம தலையில சனிதான் எழுதியிருக்கு பாருங்க." இவரும் சிரித்துவிட்டார். சிரிப்பு வந்ததே, அதுதான் தாங்கவில்லை. மீனைப் பற்றிப் பேசினார்கள், செதில் இல்லாததை எப்படி ஒதுக்குவது, விருந்துக்குப் போன இடத்தில் இறாலைப் போட்டுவிட்டால் என்ன செய்வது. ஒவ்வொன்றும் ஒத்துப்போயிற்று. பட்டாளத்தில் மருந்துப் பை தூக்கினதை இவர் சொன்னார், பிறகு அவள் தன் புருஷனைப் பற்றிச் சொன்னாள். ஷிம்ஷோன், ஹவில்தார், அறுபத்தைந்து சண்டையில் செத்துப்போனான், பதக்கம் பிறகு வந்தது, அதை வாங்கிக்கொண்டவள் இவள். இப்போதெல்லாம் அழுவதில்லை என்றாள். ஒன்றே ஒன்றுதான் என்றாள். "ரெண்டு மணி நேரம் உயிரோட கிடந்தாராம். பக்கத்துல நம்ம ஆளு ஒருத்தரும் இல்ல. போகிற நேரத்துல சொல்ற வார்த்தை ஒண்ணு இருக்கில்ல, உங்களுக்குத் தெரியாததா, அதை அவர் சொன்னாரோ இல்லையோ. சொன்னா யாரு காதுல விழுந்திருக்கும்? உங்கள மாதிரி ஒருத்தர், மருந்துப் பையோட, நம்ம ஆளா ஒருத்தர் அங்க இருந்திருந்தா." இவர் தலையை ஆட்டினார். தெரியும் என்று ஆட்டினார். போனில் சொன்னதிலெல்லாம் ஒரு இழை உண்மையாவது இருந்தது. இந்தத் தலையாட்டலில் ஒன்றுமே இல்லை. எந்த வார்த்தை என்றே தெரியாமல் ஒரு விதவைக்கு முன்னால் தலையை ஆட்டியாகிவிட்டது. அவள் அவர் கையைத் தொட்டுவிட்டு மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எழுந்து போய்விடலாம். ஒண்ணுக்குப் போவதுபோலப் போய், கூடையில் தொப்பியைப் போட்டுவிட்டு, ஸ்டேஷனுக்கு ஆட்டோ. ஆனால் ஹஸ்கேல் ஏற்கெனவே மேடையில் ஒரு சின்ன மேஜையில் காகிதத்தை வரிசையாக வைத்துவிட்டார், அதில் ஒன்று இவருடையது. பேர் கூப்பிட்டுப் பாராட்டுப் பத்திரத்தை வாசிப்பார்கள். அன்றைக்கு டில்லியில் எழுதினதையே வாசிப்பார்கள் என்று போனிலேயே சொல்லிவிட்டார். அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது. யூதன் இல்லை என்பதாவது இந்த ஊருக்குள் முடிந்துபோகிற வெட்கம். அந்தக் காகிதத்தில் இருக்கிற வெட்கம் அதற்கும் பழசு. அதில் ஒரு வார்த்தை இருக்கிறது. தன் உயிரைப் பொருட்படுத்தாமல், தானாகவே முன்வந்து. தானாகவே. அந்த இடம் வரும்போதெல்லாம், பதக்கம் குத்தின அன்றைக்கு ஜெனரல் முன்னால் விறைத்து நின்றபோதே, காது எரிந்தது. தானாகவே எங்கே போனார்? பஞ்சாபில் ஒரு கரும்புத் தோட்டம், எழுபத்தொண்ணு டிசம்பர், காலை நேரம். பனி என்றால் அப்படியொரு பனி, நீட்டின கை தெரியாது. முந்தின நாள் சாயங்காலம்தான் அந்த மராட்டா பட்டாளத்துக்கு மாற்றி அனுப்பியிருந்தார்கள், அவர்களுடைய நர்சிங் அசிஸ்டென்ட் காய்ச்சலில் படுத்துவிட்டான் என்று. அங்கே ஒருத்தனுக்கும் இவர் பேர் தெரியாது, இவருக்கும் ஒருத்தன் பேர் தெரியாது. டாக்டர், டாக்டர் என்று கூப்பிட்டார்கள், ஊசி போடுகிற எவனும் டாக்டர்தான். பனிக்குள்ளிருந்து குண்டு வந்தது, எங்கிருந்து என்று தெரியவில்லை, கரும்புத் தோகை தலைக்கு மேலே அறுந்து அறுந்து விழுந்தது. இவர் ஒரு வாய்க்காலுக்குள் விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. முகத்தைச் சேற்றில் வைத்துக்கொண்டார். மருந்துப் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டார், அதிலிருந்த பஞ்சு குண்டைத் தடுக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. முன்னால் அடிபட்டவர்கள் கிடந்து முனகுவது கேட்டது. டாக்டர் என்று ஒருத்தன் கூப்பிட்டான். போகவில்லை. ஆயி, ஆயி என்று ஒருத்தன் அழுதான், ஆயி என்றால் அம்மா என்று அப்போது தெரியாது, தெரிந்திருந்தாலும் போயிருக்கமாட்டார். வாய்க்குள் சேறு வந்துவிட்டது, துப்பக்கூடப் பயமாயிருந்தது. ஓய்வுநாள் இன்றைக்கு, அசையாமல் இருப்பதுதான் கட்டளை என்று ஒரு நினைப்பு வந்தது பாருங்கள், அதைச் சொன்னால் யாராவது நம்புவார்களா, அந்த நேரத்தில் கட்டளை ஞாபகம் வருகிறது, பயந்தவனுக்கு எதுவும் சாக்கு. அப்போதுதான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது.

இஸ்ராயேல் என்று. தெளிவாக. பட்டாளத்தில் வடக்கத்தியான்கள் இவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், 'வேல்' என்பதை 'யேல்' ஆக்கி. ஷமா, இஸ்ராயேல். ஹிந்தியில் க்ஷமா என்றால் மன்னிப்பு, அந்தளவுக்கு ஹிந்தி அப்போதே தெரியும். மன்னிச்சிரு, இஸ்ராயேல். முதல் தடவை கேட்டபோது முகத்தை இன்னும் உள்ளே அழுத்திக்கொண்டார். இரண்டாவது தடவை கேட்டபோது அழுகை வந்தது. டாக்டர் என்று கூப்பிட்டால் அது யாரோ. பேரைச் சொன்னால் யார்? மூன்றாவது தடவை குரல் கம்மிப்போய், மூச்சும் பேருமாக வந்தது, அப்பா நிற்க வைத்துச் சொல்கிற மாதிரியே. உடம்பு எழுந்துவிட்டது. இவர் எழுப்பவில்லை, அது எழுந்துவிட்டது. பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகும் படுத்துக்கிடக்க முடியாத வெட்கம், வேறொன்றுமில்லை. முழங்கையால் ஊர்ந்து போனார். ஒரு சிப்பாய், மீசை சரியாக முளைக்காதவன், வயிற்றில் அடி. வலது கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு கிடந்தான். வெளிச்சம் கூசுகிறது போல என்று நினைத்தார், அந்தப் பனியில் ஏது வெளிச்சம். இருக்கேன்ப்பா, இங்கதான் இருக்கேன் என்று தமிழில் சொன்னார். அவன் கையை எடுத்து இவரைப் பார்த்தான். முகம் அப்படியொரு அமைதியாகிவிட்டது, தெரிந்தவனைப் பார்த்த மாதிரி. முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டு வாய்க்காலோடு வந்தார். வழியில் இன்னும் இரண்டு பேர் கிடந்தார்கள், ஒருமுறை எழுந்துவிட்ட உடம்பு அவர்களுக்கும் திரும்பித் திரும்பிப் போயிற்று, அவர்கள் பிழைத்தார்கள், பதக்கம் அதற்குத்தான். அவன் மட்டும் முதுகிலேயே போய்விட்டான். போகும்வரை காதோரம் அந்தப் பேரையே முனகிக்கொண்டு வந்தான். யார் அவன், எப்படித் தெரியும் என் பேர்? எதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டான், நானல்லவா அவனிடம் கேட்க வேண்டும், இரண்டு தடவை கூப்பிட்டும் சேற்றில் கிடந்தவன் நானல்லவா. பிறகு அந்தப் பட்டாளத்தில் விசாரித்துப் பார்த்தார். பனியிலும் குழப்பத்திலும் யாரை யார் தூக்கிவந்தது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வி விட்டுப் போகவில்லை. பதக்கத்தைப் பார்த்தால் வருகிறது. தூங்கி எழுந்தால் வருகிறது. தானாகவே என்ற வார்த்தையை எங்கே படித்தாலும் வருகிறது, பஸ்ஸில் கதவு தானாகவே மூடும் என்று எழுதியிருந்தாலும் வருகிறது.

எல்லோரும் எழுந்து நிற்கிற சத்தம். இல்லை, எல்லோரும் இல்லை, இவர் இருந்த முன்வரிசைக்காரர்கள் உட்கார்ந்தேதான் இருந்தார்கள், வயசானவர்கள் என்று உட்காரச் சொல்லியிருந்தார்கள். மேடையில் தாடி வைத்த ஒருவர் வந்து நின்றிருந்தார். ஜெபம். கை தொப்பிக்குப் போயிற்று, பாதி வழியில் பிடித்து நிறுத்திக் கீழே இறக்கினார். அப்பாடா, இந்த ஒரு தடவையாவது. ஹன்னாபாய் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். வலது கையைத் தூக்கிக் கண்ணைப் பொத்திக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் மண்டபம் முழுக்க அப்படியே, கோடு போட்ட சட்டைகளும் சேலைகளும், ஹஸ்கேலும், டீ டிரே பிடித்திருந்தவர்கூட டிரேயைக் கீழே வைத்துவிட்டு, எல்லோருடைய வலது கையும் கண்ணின்மேல். பிறகு ஒரே குரலாக, நீளமாக இழுத்து, ஷமா, இஸ்ராயேல்.

அவர் நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. குதிகால் சேர்ந்து, கை இரண்டும் கால்சட்டைத் தையலில். "இருக்கேன்," என்று வாய் சொல்லிவிட்டது, "இங்கதான் இருக்கேன்." தொப்பி விழுந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை, அத்தனை கண்ணும் மூடியிருந்தது. மூடின கண்களுக்கு நடுவில், உட்கார்ந்திருக்கிற முன்வரிசையில், ஒரே ஒரு ஆள் விறைப்பாக நிற்கிறான். கையை எடுத்து முதலில் பார்த்தது ஹன்னாபாய். கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க அண்ணா. இன்னும் பேர் கூப்பிடல."

"கூப்பிட்டாங்களே அக்கா. எல்லாருமா கூப்பிட்டாங்களே."

"அது உங்கள இல்ல. அது ஜெபம்." அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஷமா இஸ்ராயேல். இஸ்ராயேலே, கேளுன்னு அர்த்தம். அதுதான் நம்ம வார்த்தை. காலையில சொல்றது, படுக்கிறப்போ சொல்றது, போகிற நேரத்துல சொல்றது. நம்ம ஆளா இருந்துட்டு உங்களுக்கு எப்படி இது." அவள் நிறுத்திக்கொண்டாள். கண் அவருடைய வெறும் தலைக்குப் போய், தன் மடியருகே விழுந்துகிடந்த தொப்பிக்குப் போய், மறுபடியும் முகத்துக்கு வந்தது.

இஸ்ரவேல் உட்கார்ந்தார். இஸ்ரவேலே, கேள். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. அவனுக்கு என் பேர் தெரியாது. அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு, அவனுடைய அப்பாவும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு கிடந்தான். என்னைக் கூப்பிடவே இல்லை. அப்படியானால் வாய்க்காலிலிருந்து எழுந்தது எதற்கு? கூப்பிடாத கூப்பாட்டுக்கு எழுந்து போயிருக்கிறேன். சரியாகக் காதில் விழுந்திருந்தால் போயிருக்கவே மாட்டேன், அங்கேயே கிடந்திருப்பேன், மூன்று பேரும் அங்கேயே கிடந்திருப்பார்கள். தானாகவே என்று எழுதினானே டில்லியில். அவருக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது.

"அக்கா," என்றார், தலையைத் தூக்காமல். "நான் உங்க ஆளு இல்ல. தெரிஞ்சேதான் வந்தேன். அந்த வார்த்தையும் எனக்குத் தெரியாது, தெரியும்னு தலைய ஆட்டினேன். எம்மேல காறித் துப்பினாலும் சரிதான்." அவள் கோட்டு நுனியை விட்டாள். அது அவருக்குத் தெரிந்தது. "ஆனா எழுபத்தொண்ணுல ஒரு பையன் இதைச் சொல்லிக்கிட்டே எம் முதுகுல செத்தான். மராட்டா பட்டாளம். கண்ணைப் பொத்திக்கிட்டு இப்படித்தான் சொன்னான். என் பேரைத்தான் சொல்றான்னு நெனச்சு நான் போனேன். அதுக்கு முந்தி பயந்துபோய்ப் படுத்துக் கிடந்தேன். ரெண்டு தடவ சொல்லியும் போகல. மூணாவது தடவதான் போனேன். அவன் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தான். எங் காதுலதான் சொன்னான்."

ஹன்னாபாய் வலது பக்கத்துப் பதக்கத்தைப் பிடித்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷிம்ஷோன் அறுபத்தைந்திலேயே போய்விட்டான், அந்தப் பையன் அவனில்லை, அது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் தாடை மட்டும் அசைந்தது. திட்டப்போகிறாள் என்று நினைத்தார், திட்டினால் தேவலை என்றும் நினைத்தார்.

"முழுசாச் சொன்னானா?" என்றாள் கடைசியில்.

"என்ன அக்கா?"

"அந்த ஜெபம். முழுசா முடிச்சானா?"

"எனக்கு முழுசு தெரியாதே அக்கா. அவன் நிறுத்தல. மூச்சு நிக்கிற வரைக்கும் அவன் நிறுத்தல."

மேடையில் ஹஸ்கேல் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார். முதல் காகிதத்தை எடுத்தார். தெற்கிலிருந்து வெகுதூரம் வந்திருக்கிற சகோதரர் என்று ஹிந்தியில் ஆரம்பித்துவிட்டார், மரியாதைக்காக இவரைத்தான் முதலில் வைத்திருக்கிறார் போலிருக்கிறது. இஸ்ராயேல் சாமுவேல் என்றார். இந்தத் தடவை சந்தேகமே இல்லை, பேரைத்தான் கூப்பிட்டார்கள், இவரைத்தான் கூப்பிட்டார்கள். இப்போது கால் எழமாட்டேன் என்கிறது. எல்லோரும் கை தட்டினார்கள். வாய்க்காலில் கிடந்தது போதாதா, ஏலே, இன்னும் எத்தனை தடவை கூப்பிடணும் உன்னை. எழுந்தார். தொப்பியை எடுக்கவில்லை. வெறும் தலையோடு படியேறிப் போய், மாலையோடு வந்த ஹஸ்கேலைக் கையால் தடுத்துவிட்டு, ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றார்.

ஹிந்தி வரவில்லை. பட்டாளத்தில் பதினேழு வருஷம் பேசின ஹிந்தி, ஒரு சொல் வரவில்லை. "ஐயாமாரே," என்று தமிழில் ஆரம்பித்தார். "என்னை மன்னிக்கணும். நான் உங்க ஆளு இல்ல. நான் கிறிஸ்தவன். என் பேரு மட்டும்தான் இது." கைதட்டல் அங்கங்கே தொடர்ந்துகொண்டிருந்தது, புரியாமல். ஹஸ்கேல் சிரித்தமுகமாகத் தலையை ஆட்டினார். மொழிபெயர்க்க அந்த மண்டபத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். இஸ்ரவேல் அவளைப் பார்த்தார். சொல்லுங்க அக்கா என்று பார்த்தார். அவள் உட்கார்ந்தே இருந்தாள், அவருடைய தொப்பி அவள் மடியில் இருந்தது. பிறகு நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தாள். மராத்தியில் பேச ஆரம்பித்தாள். இவர் சொன்னது நாலு வார்த்தை, அவள் பேசிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் கையைத் தூக்கிக் கண்ணைப் பொத்திக் காட்டினாள். கைதட்டல் எப்போதோ நின்றுபோயிருந்தது. டீ டிரேக்காரர் டிரேயைப் பிடித்தபடி நின்றுவிட்டார். ஹஸ்கேல் கையிலிருந்த மாலை இறங்கிக்கொண்டே வந்தது. இஸ்ரவேலுக்கு மராத்தி தெரியாது. திட்டுகிறாளா, சொல்கிறாளா என்று தெரியவில்லை. நடுவில் ஒரே ஒரு சொல் புரிந்தது, இஸ்ராயேல் என்றாள். அது தன் பேரா, அவர்கள் ஜெபமா என்று கேட்டுச் சொல்ல அங்கே யாரும் இல்லை. குதிகாலைச் சேர்த்து, கை இரண்டையும் தையலில் வைத்துக்கொண்டு நின்றார்.